ஆன்செலோட்டி ஆடிய ஆட்டம் அவருடைய கோச்சிங்குக்கு எவ்வளவு உதவியது?

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மேலே கேட்டிருப்பது இது: கார்லோ ஆன்செலோட்டி இவ்வளவு பெரிய கால்பந்து கோச் ஆனதற்கு அவர் இத்தாலியின் ஏசி மிலான் கிளப்பில் ஆடியதுதானே காரணம், அவருக்கென்று தனி உத்தி எதுவும் கிடையாது, ஸ்டார் பிளேயர்களைத் தட்டிக்கொடுத்தே காலத்தை ஓட்டுகிறார் என்கிறார்களே, அது உண்மையா? ஆனால் கடைசி வரியில், 26 வயதில் முட்டி போய் லீக் ஆட்டத்தை நிறுத்தியவன் நான், கோச்சிங் பக்கம் போகலாமா என்று யோசிக்கிறேன் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதுதான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். காலில் சேர்த்த அனுபவம் இன்னொருவருக்குச் சொல்லித்தரும்போது கைகொடுக்குமா, காலை வாருமா?

ஆன்செலோட்டி விஷயத்தில் அது இரண்டையும் செய்தது. முதலில் காலை வாரியது, அப்புறம்தான் கைகொடுத்தது. அந்த இடைப்பட்ட சில வருஷங்களில் அவர் என்ன மாற்றிக்கொண்டார் என்பதில்தான் உங்களுக்கான பதிலும் இருக்கிறது.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். வடசென்னையில் 16 வருஷமாகப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், பெரும்பாலும் 13, 15 வயதுக்குட்பட்டவர்கள். கோச்சிங் தகுதிப் படிப்பில் சி லைசென்ஸ் வரை முடித்திருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து இத்தாலிய லீக்கை விடாமல் பின்தொடர்கிறேன். ஆனால் ஒரு ஐரோப்பிய கிளப்பின் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் நான் நின்றவன் இல்லை. அதனால் தேதி, ஸ்கோர், யார் எந்த இடத்தில் ஆடினார் என்பதை உறுதியாகச் சொல்வேன். ஏன் அப்படி முடிவெடுத்தார் என்பதில் அவரே சொன்னது எது, நான் ஊகிப்பது எது என்று பிரித்துச் சொல்கிறேன்.

ஆன்செலோட்டி 1959இல் ரெஜியோலோ என்ற சின்ன ஊரில் பிறந்தவர், வடக்கு இத்தாலியில் எமிலியா பகுதி. அப்பா விவசாயி, மாடு வளர்த்து பாலாடைக்கட்டிக்குப் பால் கொடுக்கும் குடும்பம். பக்கத்து ஊரான பார்மாவின் கிளப்பில் ஆரம்பித்து, 1979இல் அது இரண்டாம் டிவிஷனுக்கு ஏறிய தீர்மானகரமான ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தார். அதே வருஷம் ரோமா அவரை வாங்கியது. அங்கே கோச் நில்ஸ் லீட்ஹோம். ஸ்வீடன்காரர், 1958 உலகக் கோப்பை ஃபைனலில் பிரேசிலுக்கு எதிராக முதல் கோலை அடித்த கேப்டன், மிலானில் பல வருஷம் ஆடி அப்படியே இத்தாலியிலேயே கோச் ஆனவர். இத்தாலி முழுக்க ஆளுக்கு ஆள் மார்க்கிங் செய்துகொண்டிருந்த காலத்தில் ரோமாவை ஸோன் டிஃபென்ஸ், அதாவது எதிராளியைத் துரத்தாமல் ஆளுக்கொரு பகுதியைக் காக்கும் முறை, ஆடவைத்தார். குரலை உயர்த்தாத மனிதர் என்று அவரிடம் ஆடிய எல்லோரும் சொல்வார்கள். 1983இல் ரோமா லீக் ஜெயித்தது, கிளப்பின் வரலாற்றில் இரண்டாவது தடவை. 20 வயதில் ஒரு பையன் முதன்முதலில் பார்க்கும் பெரிய கோச் எப்படிப் பேசுகிறாரோ, அப்படித்தான் பின்னாளில் அவனும் பேசுவான். இதை என் பையன்களிலேயே பார்த்திருக்கிறேன். ஆன்செலோட்டியின் அமைதி லீட்ஹோமிடமிருந்து வந்தது என்று நான் நினைப்பதற்கு அதுதான் காரணம், வேறு சான்று என்னிடம் இல்லை.

இப்போது முட்டி. 1981இல் ஒரு முட்டி போனது, 1982 உலகக் கோப்பையை இழந்தார், அந்தக் கோப்பையை இத்தாலி ஜெயித்தது. 1983 டிசம்பரில் இன்னொரு முட்டி. 1984இல் ரோமாவிலேயே நடந்த ஐரோப்பியக் கோப்பை ஃபைனலில் லிவர்பூலிடம் பெனால்ட்டியில் தோற்றபோது அவர் களத்தில் இல்லை. யோசித்துப் பாருங்கள், ஒரு ஆட்டக்காரனின் வாழ்க்கையில் வரக்கூடிய இரண்டு பெரிய நாட்கள், இரண்டையும் வெளியிலிருந்து பார்த்திருக்கிறார். வெளியே உட்கார்ந்திருப்பவனின் வலி தெரிந்த கோச் என்று அவரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் ஞாபகம் வந்ததும் இதுதான்.

1987இல் மிலான். கோச் அரிகோ சாக்கி. முட்டியின் நிலையைப் பார்த்து கிளப் தயங்கியது, சாக்கிதான் இவர் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஆனால் வந்த புதிதில் ஆன்செலோட்டியால் அந்த அணியின் தாளத்தைப் பிடிக்க முடியவில்லை. தினமும் ஒரு மணி நேரம் முன்னதாக வரச்சொல்லி, யூத் டீம் பையன்களோடு நிற்கவைத்து சொல்லிக்கொடுத்ததாக சாக்கியே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். 28 வயது, இத்தாலி அணிக்கு ஆடியவர், ரோமாவின் கேப்டனாக இருந்தவர், பொடியன்களோடு சேர்ந்து முதலிலிருந்து கற்றார்.

சாக்கியின் முறை என்ன என்று சொன்னால்தான் பின்னால் வருவது புரியும். 4-4-2, அதாவது நான்கு டிஃபெண்டர், நான்கு மிட்ஃபீல்டர், இரண்டு ஸ்ட்ரைக்கர். டிஃபென்ஸ் வரிசைக்கும் ஸ்ட்ரைக்கர்களுக்கும் நடுவே இடைவெளி 25 மீட்டர் அளவுக்குள் இருக்கவேண்டும். பந்து வலது பக்கம் போனால் பத்து பேரும் வலது பக்கம் நகரவேண்டும், பந்தை இழந்தால் எல்லோரும் சேர்ந்து மேலே ஏறி நெருக்கவேண்டும். பயிற்சியில் பந்தே இல்லாமல் பதினோரு பேரையும் நிறுத்தி, பந்து இங்கே இருக்கிறது என்று கையால் காட்டி, மொத்த அணியையும் ஒன்றாக நகர்த்துவார். இதில் விங்கில், அதாவது பக்கக் கோட்டோரம், நிற்பவனும் டிஃபென்ஸுக்கு ஓடவேண்டும். ஸ்ட்ரைக்கருக்கும் மிட்ஃபீல்டருக்கும் நடுவில் ஓய்வாக நின்று பந்து வாங்கும் பத்தாம் நம்பர் ஆட்டக்காரனுக்கு இடமே கிடையாது. இந்த முறையில் மிலான் 1988இல் லீக், 1989இலும் 1990இலும் ஐரோப்பியக் கோப்பை ஜெயித்தது. 1989 அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று நொறுக்கியபோது முதல் கோல் ஆன்செலோட்டியுடையது, தூரத்திலிருந்து அடித்தது. சாக்கி தொழில்முறையில் ஆடியவரே இல்லை, அப்பாவின் ஷூ வியாபாரத்தில் இருந்தவர். ஆடாதவன் கோச் ஆகலாமா என்று பத்திரிகைக்காரர்கள் குத்தியபோது, குதிரை ஓட்டுவதற்கு முதலில் குதிரையாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது என்று அவர் சொன்ன பதில் இன்றைக்கும் எல்லா கோச்சிங் வகுப்பிலும் ஓடுகிறது.

ஆக ஆன்செலோட்டியின் ஆட்ட வாழ்க்கையின் முத்தாய்ப்பான வருஷங்கள் ஒரு கறாரான முறைக்குள் கழிந்தவை. 1992இல் 33 வயதை நெருங்கியபோது நிறுத்தினார். சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம், வெரோனாவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி இரண்டு கோல். நிறுத்தியதும் சாக்கி அவரை இத்தாலி தேசிய அணிக்குத் துணை கோச்சாக அழைத்துக்கொண்டார், 1994 உலகக் கோப்பை ஃபைனலில் பிரேசிலிடம் பெனால்ட்டியில் தோற்ற பெஞ்சில் அவரும் இருந்தார். மூன்று வருஷம் துணை கோச், அப்புறம் 1995இல் சொந்தப் பகுதியின் கிளப்பான ரெஜியானா, இரண்டாம் டிவிஷன். ஒரே சீஸனில் அதை முதல் டிவிஷனுக்கு ஏற்றினார். பெரிய ஆட்டக்காரர் என்பதற்காக யாரும் நேரே பெரிய கிளப்பைத் தூக்கிக் கையில் கொடுக்கவில்லை, இது முக்கியம்.

பிரச்சினை 1996இல் பார்மாவுக்கு வந்தபோது ஆரம்பித்தது. இளம் புஃபோன், துராம், கன்னவாரோ, கிரெஸ்போ எல்லோரும் இருந்த அணி. கூடவே ஜியான்பிராங்கோ சோலா, அந்தக் கால இத்தாலியின் மிக நயமான பத்தாம் நம்பர்களில் ஒருவர். ஆன்செலோட்டி கொண்டுவந்தது சாக்கியின் 4-4-2, அச்சு மாறாமல். அதில் சோலாவுக்கு இடமில்லை, இடது விங்கில் நிறுத்தினார். சோலா அந்த நவம்பரிலேயே செல்சிக்குப் போய்விட்டார், அதே சீஸனில் இங்கிலாந்துப் பத்திரிகையாளர்களின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அடுத்த கோடையில் இத்தாலியின் நட்சத்திர ஆட்டக்காரர் ராபர்ட்டோ பாஜியோ பார்மாவுக்கு வருவதாகக் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. அவர் ஸ்ட்ரைக்கர்களுக்குப் பின்னால் ஆட விரும்பினார், ஆன்செலோட்டி முடியாது என்றார். பாஜியோ போலோனாவுக்குப் போய் அந்த சீஸன் லீக்கில் மட்டும் 22 கோல் அடித்தார், 1998 உலகக் கோப்பை அணிக்கும் திரும்பினார். பாஜியோவை மறுத்தது தவறு என்று ஆன்செலோட்டி பின்னர் பல தடவை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

நியாயமாகச் சொல்லவேண்டும், பார்மாவில் அவர் தோற்றவர் இல்லை. முதல் சீஸனில் யுவென்டஸுக்கு இரண்டே பாயின்ட் பின்னால், இரண்டாம் இடம். முறை வேலை செய்தது. ஆனால் தனக்குப் பலன் கொடுத்த முறையை உலகத்திலேயே சரியான முறை என்று நம்புவது ஆடிவந்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு வியாதி. புத்தகத்தில் படித்தவனுக்கு அது ஒரு கருத்து, மாற்றிக்கொள்வது சுலபம். கப் தூக்கியவனுக்கு அது உடம்பில் ஊறியது. மிலானில் 5-0 அடித்த இரவு உடம்பில் இருக்கும்போது, வேறு மாதிரியும் ஆடலாம் என்று யார் சொன்னாலும் எப்படி ஏறும்?

இதை நானும் செய்திருக்கிறேன். ஆரம்ப வருஷங்களில் என்னிடம் ஒரு பையன் இருந்தான், இரண்டு டிஃபெண்டருக்கு நடுவே முதுகைக் காட்டிப் பந்தை வாங்கி ஒரே திருப்பில் எதிரே வந்துவிடுவான். நான் ஆடிய அணியில் அப்படி ஒரு இடமே இருந்ததில்லை, நான் சொல்லிக்கொடுத்த ஃபார்மேஷனிலும் இல்லை. சின்ன உருவம் என்பதால் விங்கில் நிறுத்தினேன். நான்கு மாதம் கோட்டோரமாக நின்றான், ஓடச் சொன்னால் ஓடினான். ஐந்தாவது மாதம் வரவில்லை. டியூஷன் என்று அவன் அப்பா சொன்னார். டியூஷன் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் சோலா கதையைப் படிக்கும்போது எனக்கு அந்தப் பையன் முகம்தான் வருகிறது.

சரி, ஆன்செலோட்டி எங்கே மாறினார்? 1999 பிப்ரவரியில் யுவென்டஸுக்குப் போனார். அங்கே பிரான்ஸின் நட்சத்திர மிட்ஃபீல்டர் ஜிடேன் இருந்தார். ஜிடேனை இடது விங்கில் நிறுத்திப் பார் என்று சாக்கியின் பாடம் சொன்னாலும், அப்படி நிறுத்துவது அபத்தம் என்று கண்ணுள்ள யாருக்கும் தெரியும். 4-4-2வைக் கலைத்துவிட்டு, இரண்டு ஸ்ட்ரைக்கர்களுக்குப் பின்னால் ஜிடேனை விட்டு, மற்றதை அவரைச் சுற்றிக் கட்டினார். ஆட்டக்காரனை முறைக்குள் திணிக்காமல் முறையை ஆட்டக்காரனுக்கு ஏற்றபடி தைப்பதை ஜிடேனிடம்தான் கற்றேன் என்ற பொருளில் அவரே பேசியிருக்கிறார். ஆகவே இது என் ஊகம் இல்லை. ஆனால் கோப்பை வரவில்லை. 2000இல் பெரூஜாவில் கொட்டிய மழையில் கடைசி நாள் தோற்று ஒரு பாயின்டில் லாட்ஸியோவிடம் லீக்கை இழந்தார், அடுத்த வருஷம் இரண்டு பாயின்டில் ரோமாவிடம். அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் இடத்துக்கே பிறந்தவர் என்று பெயர் வாங்கியது அப்போதுதான்.

இங்கே ஒரு ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், எனக்கு இந்த மனிதரின் மொத்தக் கதையும் அதில் இருப்பதாகத் தோன்றும். 2001 ஏப்ரல் 1, டூரினில் யுவென்டஸ் - பிரெஷியா. யுவென்டஸ் பெஞ்சில் ஆன்செலோட்டி. பிரெஷியாவில் பாஜியோ, நான்கு வருஷம் முன்னால் ஆன்செலோட்டி வேண்டாம் என்ற அதே ஆள். அவருக்குப் பின்னால் இண்டரிலிருந்து கடனாக வந்த 21 வயது ஆண்ட்ரியா பிர்லோ. பிர்லோ அதுவரை பத்தாம் நம்பராக ஆடியவர், ஆனால் அந்த இடத்தில் பாஜியோ இருந்ததால் பிரெஷியாவின் கோச் கார்லோ மட்ஸோனே அவரைக் கீழே இறக்கி டிஃபென்ஸுக்கு முன்னால் நிறுத்தினார். பிர்லோ கீழேயிருந்து தூக்கிக் கொடுத்த நீளமான பாஸ், பாஜியோ ஓட்டத்திலேயே ஒரு தொடுதலில் கோல்கீப்பர் வான் டெர் சாரைக் கடந்து கோல். ஆட்டம் 1-1. லீக்கை இரண்டு பாயின்டில் இழந்த வருஷம் அது என்பதை மறக்காதீர்கள்.

அதே வருஷம் நவம்பரில் ஆன்செலோட்டி மிலானுக்கு கோச்சாக வந்தார். கோடையிலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தார் பிர்லோ. 2002-03 சீஸனில் ருயி கோஸ்டா, ரிவால்டோ, சீடார்ஃப், பிர்லோ என்று நான்கு பேர் கையில், எல்லோரும் பந்தை வைத்து ஆடுபவர்கள். பார்மா காலத்து ஆன்செலோட்டியாக இருந்திருந்தால் இரண்டு பேரை விற்றிருப்பார். இப்போது பிர்லோவை டிஃபென்ஸுக்கு முன்னால் நிறுத்தினார். அவர் அடிபட்டுப் பந்தைப் பறிக்கிறவர் இல்லை என்பதால் பக்கத்தில் ஓயாமல் ஓடும் கட்டூசோ. மற்றவர்கள் மேலே. நான்கு மிட்ஃபீல்டர்களை வைரம் போல நிறுத்துவது, சில நாள் ஒரே ஸ்ட்ரைக்கரை வைத்து கிறிஸ்மஸ் மரம் என்று பெயர் வாங்கிய 4-3-2-1. பிர்லோவை அங்கே நிறுத்துவது யார் யோசனை என்பதுதான் சர்ச்சை. மட்ஸோனே முதலில் செய்தார் என்பது உறுதி. பிர்லோவே வந்து அங்கே ஆடுகிறேன் என்று கேட்டதாக ஆன்செலோட்டி சொல்வார். கிளப் உரிமையாளர் பெர்லுஸ்கோனி கவர்ச்சியான ஆட்டமும் இரண்டு ஸ்ட்ரைக்கர்களும் வேண்டும் என்று அழுத்திக்கொண்டே இருந்தார் என்பதும் தெரிந்ததே. எது எவ்வளவு என்று வெளியிலிருந்து அளக்க முடியாது. ஆனால் ஒரு பிளேயர் வந்து நான் இங்கே ஆடுகிறேன் என்று சொன்னால் காதுகொடுத்துக் கேட்கிற ஆளாக அவர் மாறியிருந்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1997இல் பாஜியோவும் அதைத்தானே சொன்னார்?

2003இல் ஓல்ட் டிராஃபோர்டில் யுவென்டஸைப் பெனால்ட்டியில் ஜெயித்து சாம்பியன்ஸ் லீக், பழைய ஐரோப்பியக் கோப்பையின் புதுப் பெயர் அது. 2004இல் லீக். 2005 இஸ்தான்புல் எல்லோருக்கும் தெரியும், ஹாஃப் டைமில் லிவர்பூலுக்கு எதிராக 3-0, அப்புறம் ஆறே நிமிஷத்தில் மூன்று கோல் வாங்கிப் பெனால்ட்டியில் தோற்றார்கள். 2007இல் ஏதென்ஸில் அதே லிவர்பூலை 2-1, இன்ஸாகி இரண்டு கோல்.

இப்போது உத்தி இல்லாதவர் என்ற குற்றச்சாட்டு. இதை நான் ஏற்கவில்லை, காரணத்தைச் சொல்கிறேன். ஒரே பாணியை எல்லா அணியிலும் ஆடவைப்பவரின் உத்தி தூரத்திலிருந்தே தெரியும். ஆன்செலோட்டி அணிக்கு அணி மாறுவதால் முத்திரை தெரிவதில்லை, அவ்வளவுதான். செல்சியில் மிலானின் வைர அமைப்பில் ஆரம்பித்தார், இங்கிலாந்தில் அது ஓடவில்லை என்றதும் விங்கில் ஆள் வைத்து மாற்றினார், 2009-10இல் 103 லீக் கோல், லீக்கும் எஃப்ஏ கோப்பையும். 2013-14இல் ரியல் மாட்ரிட் கேரத் பேல் என்ற விங்கரை வாங்கியதும் விங்கில் இடமிழந்த டி மரியாவை மிட்ஃபீல்டுக்குள் இழுத்தார். லிஸ்பனில் அட்லெட்டிகோவுக்கு எதிரான அந்த சீஸனின் சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில், 93ஆம் நிமிஷம் ராமோஸ் சமன் செய்து எக்ஸ்ட்ரா டைமில் 4-1 ஆன ஆட்டத்தில், பேலின் கோலுக்கு வழி திறந்தது டி மரியாவின் ஓட்டம். 2023இல் ரியல் மாட்ரிட்டிலிருந்து பென்ஸிமா போய்விட்டார், சரியான ஸ்ட்ரைக்கர் இல்லை. விங்கர்களான வினீசியஸையும் ரோட்ரிகோவையும் முன்னால் விட்டு, பெல்லிங்ஹாமைப் பின்னாலிருந்து பாயவிட்டார். மிட்ஃபீல்டர் லீக்கில் 19 கோல். கோல்கீப்பர் கூர்டுவா, டிஃபெண்டர்கள் மிலிட்டாவோ, அலாபா மூவரும் முட்டித் தசைநார் கிழிந்து வெளியே இருந்த சீஸனில் லீக்கும் சாம்பியன்ஸ் லீக்கும். இதெல்லாம் உத்தி இல்லாமல் நடக்காது.

ஆட்களைக் கையாள்வது என்று சொல்கிறார்களே, அதுவும் உண்மைதான், ஆனால் அது தட்டிக்கொடுப்பது மட்டும் இல்லை. 2022 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, ரியல் மாட்ரிட்டுக்கு எதிரே மான்செஸ்டர் சிட்டி, இரண்டு ஆட்டத்தில் இரண்டாவது. குரூஸ், மோட்ரிச், கஸெமிரோ என்று உலகத்தின் மிகப் பெரிய மிட்ஃபீல்ட் மூவரையும் 75ஆம் நிமிஷத்துக்குள் வெளியே எடுத்துவிட்டார். உள்ளே வந்த ரோட்ரிகோ 90, 91ஆம் நிமிஷங்களில் இரண்டு கோல். அப்புறம் எக்ஸ்ட்ரா டைமில் யாரை இறக்கலாம் என்று, வெளியே எடுக்கப்பட்ட குரூஸிடமும் பெஞ்சில் இருந்த மார்செலோவிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். குரூஸே அதைப் பின்னர் சொன்னார். தன்னை வெளியே எடுத்த கோச்சுக்கு, அதே ஆட்டத்திலேயே யோசனை சொல்லும் மனநிலையில் ஒரு பிளேயர் இருக்கிறார் என்றால், அந்த உறவு ஒரு நாளில் வந்ததாக இருக்காது.

அவருடைய பலவீனத்தையும் சொல்லவேண்டும். ஐந்து சாம்பியன்ஸ் லீக், கோச்சாக வேறு யாருக்கும் இல்லாத எண்ணிக்கை. இத்தாலி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் ஐந்து நாட்டு லீக்கும் ஜெயித்த முதல் கோச். ஆனால் மொத்தமாக எண்ணினால் லீக் பட்டம் ஆறுதான், எட்டு சீஸன் இருந்த மிலானில் ஒன்றே ஒன்று. கையில் இருந்த அணிகளை நினைத்தால் அது குறைவு. ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கில் 2017இல் லீக் ஜெயித்துக் கொடுத்தும், அடுத்த சீஸன் செப்டம்பரில் பாரிஸில் 3-0 தோற்ற மறுநாள் வெளியே. பயிற்சி போதிய கடுமையாக இல்லை என்று ஆட்டக்காரர்களே முணுமுணுத்ததாகச் செய்திகள் வந்தன. இது செய்தி மட்டத்திலேயே நிற்கிற விஷயம், ஆனால் நம்ப முடியாததும் இல்லை. தினமும் அழுத்திச் சொல்லித் தரவேண்டிய அணியைவிட, தானாக யோசிக்கத் தெரிந்த அணிதான் அவருக்குப் பொருந்துகிறது என்று நான் நினைக்கிறேன். நாப்போலியிலும் பாதியில் முடிந்தது. இதில் மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், நான் பிடிவாதமாக இல்லை.

பெரிய பிளேயர் என்பதே போதும் என்றால் மரடோனாவின் அர்ஜென்டினா 2010இல் ஜெர்மனியிடம் 4-0 தோற்றிருக்காது. பிர்லோவையே பாருங்கள். 2020இல் ஒரு சீனியர் அணியைக்கூட நடத்தாதவரை யுவென்டஸ் நேரே தலைமை கோச் ஆக்கியது, இத்தாலியக் கோப்பை கிடைத்தும் லீக்கில் நான்காம் இடம், ஒரே வருஷத்தில் அனுப்பிவிட்டார்கள். ஜிடேன் வேறு வழியில் போனார். ஆன்செலோட்டியிடம் 2013-14இல் துணையாக உட்கார்ந்தார், அப்புறம் ரியலின் இரண்டாம் அணி, அதற்கப்புறம்தான் பெரிய அணி, தொடர்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக். யுவென்டஸில் ஆன்செலோட்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர், 14 வருஷம் கழித்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். எனக்கு இதில் பெரிய மகிழ்ச்சி உண்டு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களைப் பார்த்ததில்லை, நீங்கள் ஆடியதையும் பார்த்ததில்லை, அதனால் உங்களுக்குக் கோச்சிங் வருமா என்று நான் சொல்ல முடியாது. ஆடியது எங்கே உதவும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பையன்கள் முதல் நாளே உங்களை நம்புவார்கள். பந்தை ஒரு தடவை தொட்டாலே போதும், இவர் ஆடியவர் என்று தெரிந்துவிடும். களைப்பு, பயம், பெஞ்சில் உட்கார்ந்தவனின் முகம் இதெல்லாம் உங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. முட்டி போனவன் என்பதால் அடிபட்ட பையனை அவசரப்படுத்தி இறக்கமாட்டீர்கள், அது ஒன்றே பெரிய விஷயம்.

காலை வாரும் இடம் இரண்டு. உங்கள் காலுக்குத் தெரிந்தது வாய்க்கு வராது. எப்படித் திரும்பினீர்கள் என்று ஒரு 12 வயதுப் பையன் கேட்டால், திரும்பிக் காட்டுவீர்களே தவிர விளக்கத் தெரியாது. அதைக் கற்க வருஷம் ஆகும், அதற்குத்தான் லைசென்ஸ் வகுப்பு. இன்னொன்று, நீங்கள் ஆடிய அதே பொசிஷனில் ஆடும் பையனைத்தான் அளவுக்கு மீறித் திருத்துவீர்கள். நான் டிஃபென்ஸில் ஆடியவன், என் கையில் கஷ்டப்பட்டவர்கள் டிஃபெண்டர்கள்தான். ஆகவே முதல் ஆறு மாதம் உங்கள் பொசிஷன் பையனிடம் எதுவும் சொல்லாதீர்கள், அவன் எங்கே நிற்கிறான், ஏன் அங்கே நிற்கிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு தடவை அவனிடமே எங்கே ஆடப் பிடிக்கும் என்று கேளுங்கள். நான் அந்தப் பையனிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது.

நடைமுறைக்கு, அகில இந்திய ஃபெடரேஷனின் டி லைசென்ஸில் ஆரம்பியுங்கள், சில நாள் கோர்ஸ்தான், அடுத்து சி. கிரவுண்டில் செய்துகாட்டச் சொல்வார்கள், அதனால் முட்டி விஷயத்தை முதல் நாளே பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள். அதற்கு முன்னாலேயே உங்கள் ஏரியாவில் பையன்களை வைத்து நடத்தும் யாரிடமாவது போய், சம்பளம் பேசாமல் மூன்று மாதம் கோன் எடுத்து வைக்கிற வேலையாவது செய்யுங்கள். நீங்கள் சென்னைக்குள் இருந்தால் எங்கள் பயிற்சி காலை ஆறு மணிக்கு, செவ்வாயும் வியாழனும் சனியும். எழுதுங்கள், இடம் சொல்கிறேன்.